தவளை முட்டுகிற வளைவு

பிப்ரவரி 9

அன்புள்ள ஸ்பேனருக்கு,

அண்ணன் எழுதுவது. கடிதம் என்றதும் பதறிவிடாதே. இங்கே எல்லோரும் நலம். நான் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உன் அண்ணி, "ஏன், போனுக்கு என்ன வந்துச்சு?" என்கிறாள். போனில் பேசித்தான் வினை. நீ சொன்ன எண்ணெய் எண்களை டிப்போ இரைச்சலில் நான் மாற்றிக் காதில் வாங்கிக்கொண்டு, நம் ரிமோட் கார் தவளையின் பின் ஷாக் அப்சார்பரில் ஊற்ற வேண்டியதை முன் ஷாக்கில் ஊற்றிவிட்டேன். தவளை முதல் மேட்டில் எம்பி இறங்கியதும் மூக்கால் மண்ணை உழுதது. ரிமோட்டோடு மேடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சாமான் உன் ஊர்க் கடையில்தான் கிடைக்கிறது, எப்படியும் பார்சல் வரும். அதோடு ஒரு தாளும் வரட்டும்.

விஷயம் இதுதான். தவளைக்கு என்னவோ ஆகிவிட்டது. நீயும் நானும் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாகக் கோத்த வண்டி அது. ரிமோட்டைத் தொட்டாலே அது என்ன நினைக்கிறது என்று எனக்குத் தெரியும். இப்போது தெரியவில்லை. பந்தயத் தடத்தில் தகரக் கொட்டகைப் பக்கத்து வளைவில் போய், ஓரத்தில் எல்லையாகப் போட்ட மஞ்சள் குழாயில் முட்டுகிறது. நான் திருப்பத்தான் திருப்புகிறேன். அது திரும்புவதற்குள் குழாய் வந்துவிடுகிறது. ஒரு சுற்றில் இல்லாவிட்டால் அடுத்த சுற்றில். சக்கரத்தைத் தாங்கும் முன் ஆர்ம் ஏற்கெனவே ஒன்று உடைந்து மாற்றிவிட்டேன்.

கிளப்பில் பல் டாக்டர் புது வண்டி எடுத்திருக்கிறார். டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே ஓட்டுகிறார், எல்லாம் பளபளவென்று. எத்தனை பேர் வாயைத் திறந்து வாங்கியதோ. ஏப்ரலில் அணிப் பந்தயம். அவரும் நானும் ஒரே அணி. அவர் முகத்தில் விழிக்க வேண்டும், பார்த்துச் செய்.

"நாள் முழுக்க பஸ் ஓட்டிட்டு, லீவு நாள்ல பொம்மைக் கார் ஓட்டுற மனுஷனை உலகத்துலயே நான் ஒருத்திதான் கட்டிக்கிட்டேன்" என்று உன் அண்ணி சொல்கிறாள். அதையும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன் முட்டி வலி எப்படி? லிஃப்டைச் சரி செய்கிறவள் மாடிப்படி ஏறி ஏறி முட்டியைக் கெடுத்துக்கொண்டாள் என்றால் யார் நம்புவார்கள்?

அன்புடன்,
அண்ணன்

---

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததும் நான் பதறியது உண்மைதான். இனி உறை மேல் "தவளை விஷயம்" என்று எழுது.

வளைவில் திரும்பாமல் நேராகப் போகிறது என்றால் முன் சக்கரத்துக்குப் பிடிமானம் போதவில்லை. பார்சலில் மிருதுவான முன் ஸ்பிரிங் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். நீல நிறம் தடவியது. பழையதைத் தூக்கி எறிந்துவிடாதே. இளகிய எண்ணெய் ஒரு குப்பி, அதன் மேல் பெரிய எழுத்தில் "முன்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இன்னொன்றில் "பின்". இதற்கு மேல் தப்பு செய்தால் நான் பொறுப்பில்லை. முன் சக்கரங்களின் தலை கொஞ்சம் உள்ளே சாயும்படி இணைப்புக் கம்பியை ஒரு சுற்று குறைத்து வை. ஒரு சுற்று போதும். உனக்குக் கை நிற்காது என்று தெரியும்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதே. முதலில் ஸ்பிரிங். ஓட்டிப் பார். அப்புறம் எண்ணெய். அப்புறம் கம்பி. எது வேலை செய்தது என்று தெரியாமல் சரியாகிற வண்டி, காரணம் தெரியாமல் மறுபடியும் கெடும்.

இங்கே ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் சொல்லாமல் கொள்ளாமல் மூன்றாவது மாடியில் நின்று கதவைத் திறக்கிறது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. குடியிருப்பவர்கள் அந்த மாடியில் செத்துப்போன ஒரு ஆள் இறங்குகிறார் என்கிறார்கள். பொத்தான் பெட்டியைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. இரண்டு நாளாக எனக்கும் அந்த ஆளுக்கும்தான் போட்டி.

அண்ணியிடம் சொல், நானும் அதே பொம்மைக் காருக்காகக் கடை கடையாக ஏறுகிறவள்தான். அவளுக்குக் குழந்தை இரண்டு என்று வைத்துக்கொள்ளட்டும்.

ஸ்பேனர்

---

மார்ச் 3

அன்புள்ள ஸ்பேனருக்கு,

நீ சொன்ன வரிசையிலேயே செய்தேன். ஸ்பிரிங் போட்டதும் வண்டி வெண்ணெய் மாதிரி திரும்புகிறது. ஆனாலும் கொட்டகை வளைவில் இடது பக்கம் முட்டுகிறது. எண்ணெய் மாற்றினேன். இன்னும் அழகாகத் திரும்புகிறது, இன்னும் அழகாக முட்டுகிறது. கம்பியைக் குறைத்தேன். ஒரு சுற்றுதான், சத்தியமாக.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற வளைவுகளில் பல் டாக்டரை விட நான் வேகம். அந்த ஒரு இடத்தில் மட்டும் யாரோ குழாயை நகர்த்தி வைக்கிறார்கள் போலிருக்கிறது.

இந்த மாதம் எனக்கே நேரம் சரியில்லை. பஸ்ஸின் இடது கண்ணாடியை ஒரு விளக்குக் கம்பம் கொண்டுபோய்விட்டது. கம்பத்தைச் சாலைக்குள்ளே நட்டு வைத்தால் அப்படித்தான். கட்டில் கால் வேறு தினமும் இடது முழங்காலைப் பதம் பார்க்கிறது. உன் அண்ணி நேற்று, "தட்டுல பாதியை ஏன் வெச்சுட்டு எழுந்திரிக்கிறீங்க, சமையல் பிடிக்கலையா?" என்று கோபித்தாள். நான் சாப்பிட்டுவிட்டேன் என்று நினைத்துத்தான் எழுந்தேன். அவள் தட்டைத் திருப்பிக் காட்டினாள், பாதி அப்படியே இருந்தது. வயசாகிறது, ஞாபகம் எங்கேயோ போகிறது.

கண்ணாடி உடைந்ததால் டிப்போவில் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தேன். அதற்கும் கீழே அச்சகத்தின் பெயர் இருந்தது, அதையும் படித்தேன். "உங்களுக்குக் கழுகுக் கண்ணு" என்று சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

செத்துப்போன ஆளைப் பிடித்தாயா?

அன்புடன்,
அண்ணன்

---

மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிடித்துவிட்டேன். கூரைக்கு மேலே மோட்டார் அறையில் ஒரு ரிலே சுவிட்ச், சூடானால் தானாக ஒட்டிக்கொள்கிறது. நான் மூன்றாவது மாடியிலேயே தேடிக்கொண்டிருந்தேன், தப்பு மொட்டை மாடியில் இருந்தது. குடியிருப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

தவளை என்னைக் குழப்புகிறது. நீ எழுதுவதும் குழப்புகிறது. திருப்பும் மோட்டாரில் பல் தேய்ந்திருக்கலாம் என்று புது சர்வோ அனுப்புகிறேன். முன் டயரும் ஒரு ஜோடி, மேலே ஊசி ஊசியாக இருப்பது. ஆனால் இவற்றைப் போடும் முன் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல். வண்டி "இடது பக்கம்" முட்டுகிறது என்கிறாய். யாருடைய இடது? வண்டி உன்னை நோக்கி வரும்போது அதன் இடது உன் வலது. இத்தனை வருடம் ஓட்டுகிறவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

தடத்தில் வேறு யாரும் இல்லாதபோது தலைகீழாக ஓட்டிப் பார். எதிர்த் திசையில். வண்டியின் ஒரு பக்கத்தில் கோளாறு என்றால் அப்போது வேறு வளைவில் முட்டும். அப்புறம் ரிமோட்டைப் பல் டாக்டர் கையில் கொடு. கௌரவம் பார்க்காதே.

சாப்பாட்டைப் பாதியில் விடாதே. அண்ணி சமைத்ததை மிச்சம் வைக்கிற அளவுக்கு நீ பெரிய ஆளாகவில்லை.

ஸ்பேனர்

---

மார்ச் 24

அன்புள்ள ஸ்பேனருக்கு,

சர்வோ போட்டேன். டயர் போட்டேன். தலைகீழாக ஓட்டினேன். தவளை அதே கொட்டகைப் பக்கம்தான் முட்டுகிறது. நேராக ஓட்டினால் வண்டியின் இடது மூக்கு, தலைகீழாக ஓட்டினால் வலது மூக்கு. என் மேடையிலிருந்து பார்த்தால் கொட்டகை இடது கோடியில் இருக்கிறது. நான் சொன்ன "இடது" அதுதான். போதுமா?

ரிமோட்டைப் பல் டாக்டரிடம் கொடுத்தேன். பத்துச் சுற்றுக்கு மேல் ஓட்டினார். ஒரு குழாயைத் தொடவில்லை. இறங்கி வந்து, "சார், என்னோடதை வித்துட்டு இதை எடுத்துக்கலாம்னு தோணுது. என்ன செட்டிங் இது?" என்றார். "என் தங்கச்சி செட்டிங்" என்றேன். பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அவர் கையில் ஒழுங்காக ஓடுகிற வண்டி என் கையில் ஏன் பைத்தியமாகிறது? வாங்கி ஓட்டினேன், இரண்டாவது சுற்றில் மடார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தலை சுற்றுகிறது. வண்டி கண்ணுக்கு முன்னால் பளிச்சென்று தெரிகிறது. கண்ணை அதன் மேலேயே வைத்திருக்கிறேன். அப்புறம் எங்கிருந்தோ குழாய் வருகிறது. குழாய் எப்படி வரும்?

அந்தக் கொட்டகைத் தகரத்தில் ஏதோ இருக்கிறது, ரிமோட் அலையைக் கெடுக்கிறது என்று கிளப்பில் ஒருவர் சொல்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
அண்ணன்

---

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

தகரம் அலையைக் கெடுத்தால் பல் டாக்டருக்கும் கெடுத்திருக்க வேண்டும்.

இந்த முறை பார்சல் இல்லை. ஒரே ஒரு வேலை செய். மேடையில் ஏறாதே. தடத்தின் மறுபக்கம் போய், வேலிக்கு அருகில் ஒரு முக்காலி போட்டு அதன் மேல் நின்று ஓட்டு. அங்கிருந்து கொட்டகை உன் வலது கோடிக்கு வந்துவிடும். எங்கே முட்டுகிறது என்று மட்டும் எழுது. வேறு எதையும் தொடாதே.

சீக்கிரம் எழுது.

ஸ்பேனர்

---

ஏப்ரல் 10

அன்புள்ள ஸ்பேனருக்கு,

நீ சிரிக்கப் போகிறாய். கொட்டகைப் பக்கம் தவளை சமர்த்தாகத் திரும்பியது. ஒரு தடவை கூட முட்டவில்லை. "ஆஹா, தொலைஞ்சுது சனியன்" என்று நினைத்தேன். அப்புறம் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து வளைவில் போய் முட்டியது. இத்தனை நாளும் ஒரு தொந்தரவும் தராத வளைவு அது. மறுபடியும் அங்கேயே. மறுபடியும். பேய் கொட்டகையைக் காலி செய்துவிட்டுத் தொட்டிக்குக் குடிபோய்விட்டது. உன் லிஃப்ட் ஆள்தான் இங்கே வந்துவிட்டாரோ என்னவோ.

அணிப் பந்தயத்திலிருந்து நானே விலகிக்கொண்டேன். பல் டாக்டர் வேண்டாம் வேண்டாம் என்றார். பாவம், நல்ல மனிதர்.

வேலையிலும் ஒரு சிறு தகராறு. நிறுத்தத்தை விட்டு வண்டியை எடுக்கும்போது இடது பக்கம் ஒரு சைக்கிள்காரர் திடீரென்று முளைத்தார். கைப்பிடி உரசிக் கீழே விழுந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்புதான். "பாத்து வரக்கூடாதா?" என்று நான் சத்தம் போட்டேன். அவர், "நான் உங்க பக்கத்துல எவ்வளவு நேரமா வந்துட்டிருக்கேன் தெரியுமா?" என்றார். தினம் தினம் எதையாவது உளறிக்கொண்டு ஒருவன் வந்து விழுகிறான்.

அடுத்து எதை மாற்றலாம், சொல்.

அன்புடன்,
அண்ணன்

---

ஏப்ரல் 14

என் அன்பு அண்ணாவுக்கு,

இதை நிதானமாகப் படி. உட்கார்ந்துகொண்டு படி. அண்ணி பக்கத்தில் இருந்தால் நல்லது.

வண்டியில் கோளாறு என்றால் அது வண்டியோடு போகும். தலைகீழாக ஓட்டியபோது போகவில்லை. தடத்தில் கோளாறு என்றால் அது அந்த இடத்திலேயே நிற்கும். நீ மறுபக்கம் நின்றபோது நிற்கவில்லை. நீ எங்கே நின்றாலும் அது உன் இடது கோடிக்கு வந்துவிடுகிறது. அண்ணா, அது உன்னோடு நடந்து வருகிறது.

நீயே எழுதியிருக்கிறாய், வண்டி பளிச்சென்று தெரிகிறது, குழாய் எங்கிருந்தோ வருகிறது என்று. உனக்கு வண்டி தெரிகிறது. அது போகப்போகிற இடம் தெரியவில்லை. இடது பக்கம் போகும்போது மட்டும். கம்பமும் இடது. கட்டில் காலும் இடது. தட்டில் மிச்சம் வைத்த பாதி எந்தப் பக்கம் என்று அண்ணியைக் கேள். அந்த சைக்கிள்காரர் திடீரென்று முளைக்கவில்லை. எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவள். நான் சொல்வது முழுக்கத் தப்பாக இருக்கலாம். தப்பாக இருந்தால் வருடம் முழுக்க நீ என்னைக் கேலி செய், கேட்டுக்கொள்கிறேன். சுவரில் எழுத்துப் படிக்கிற சோதனை நேராகப் பார்ப்பதற்கு மட்டும்தான். பக்கவாட்டுப் பார்வைக்கு வேறு சோதனை இருக்கிறது. அதைச் செய்துகொள். தவளை முட்ட ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் உனக்குப் பெரிய தலைவலி ஏதாவது வந்ததா?

அதுவரை பஸ்ஸை எடுக்காதே. விடுப்புப் போடு. காய்ச்சல் என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உன்,
ஸ்பேனர்

---

ஏப்ரல் 21

தங்கைக்கு,

பொம்மைக் காருக்குத்தான் உன்னிடம் செட்டிங் கேட்டேன். எனக்குக் கேட்கவில்லை.

நான் பேருந்து ஓட்ட ஆரம்பித்தபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். இத்தனை வருடத்தில் ஒரு உயிருக்குச் சேதம் இல்லை. கழுகுக் கண் என்று முத்திரை குத்திய தாள் என் பையில் இருக்கிறது. எனக்குத் தெரிகிறதா இல்லையா என்பது எனக்குத்தானே தெரியும்? கண் தெரியாதவனுக்கு இருட்டாக இருக்கும். எனக்கு எங்கேயும் இருட்டு இல்லை. இடது பக்கமும் பார்க்கிறேன், வலது பக்கமும் பார்க்கிறேன், உலகம் முழுசாகத்தான் இருக்கிறது.

தலைவலி வந்தது. ஜனவரியில் ஒரு நாள். யாருக்குத்தான் தலைவலி வரவில்லை? மாத்திரை போட்டேன், போய்விட்டது.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து உன் அண்ணி நான் எழுந்தால் எழுகிறாள், உட்கார்ந்தால் உட்காருகிறாள். சாப்பிடும்போது என் வாயைப் பார்க்காமல் தட்டைப் பார்க்கிறாள். வீட்டில் நிம்மதி போயிற்று. உன் புண்ணியம்.

அடுத்த வாரத்திலிருந்து எனக்குப் பள்ளிக்கூட வழித்தடம் கொடுத்திருக்கிறார்கள். நம்பிக்கையான ஓட்டுநருக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். இதையும் தெரிந்துகொள்.

அண்ணன்

---

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

காலையிலிருந்து போன் செய்கிறேன். மூன்று முறை நீ எடுத்துவிட்டு வைத்தாய். நான்காவது முறை அண்ணி எடுத்தாள். "பேச மாட்டேங்கிறார்மா. கூடத்துல உக்காந்து அந்தக் காரைக் கழட்டி மாட்டிட்டிருக்கார்" என்று அழுதாள்.

அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுதியதாக இருக்கட்டும். நான் உன் டிப்போவுக்குப் போன் செய்தேன். மேலாளரோடு பேசினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, அண்ணிக்கு இது தெரியாது, அவளைத் திட்டாதே. "என் அண்ணனுக்கு இடது பக்கம் பார்வை இல்லையோன்னு சந்தேகப்படுறேன். சோதிச்சுப் பாக்கற வரைக்கும் வண்டி குடுக்காதீங்க" என்றேன். அவர், "நீங்க டாக்டரா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எப்படித் தெரியும்?" என்றார். ரிமோட் கார் மறுபக்கம் முட்டியது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம், "அவர்கிட்ட இப்பெல்லாம் சாவியை நீட்டினா, சில நேரம் வாங்காம நிக்கிறார். யோசனையில இருக்கார்னு நெனச்சேன்" என்றார்.

போனை வைத்த பிறகு வேலைக்குப் போனேன். ஒரு திருகைக் கூட ஒழுங்காகப் போட முடியவில்லை. நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை. சரி என்று நினைக்கும்போது நீ ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பது கண்ணில் வருகிறது. தப்பு என்று நினைக்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் இடது பக்கக் கதவில் ஏறுவது வருகிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்னைத் திட்டி எழுது. ஆனால் எழுது.

ஸ்பேனர்

---

மே 4

தங்கைக்கு,

எல்லோர் முன்னாலும் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். திருப்திதானே?

இனி பார்சல் எதுவும் அனுப்ப வேண்டாம்.

---

மே 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தில் கையெழுத்து இல்லை. இருந்தாலும் உன் கடிதம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று அண்ணி போனில் சொன்னாள். மூளையின் பின்பக்கம் சின்ன அடைப்பு, ஜனவரித் தலைவலிதான் அது, கண் நன்றாக இருக்கிறது, மூளையில் பார்வைக்கான இடத்தில்தான் ஒரு பகுதி போய்விட்டது என்றாள். நான் சொன்னது சரி என்று தெரிந்த அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு கசந்தது தெரியுமா? தப்பாக இருந்து நீ என்னைக் கேலி செய்திருக்கலாம்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. இன்னொரு தடவை வராமல் இருப்பதற்குத்தான் அது.

கடைக்குப் போனேன். வேறு ஒருவருக்கு மோட்டார் பார்க்கப் போனேன். கடைக்காரர், "உங்க அண்ணன் வண்டி சரியாச்சா?" என்றார். வண்டியில் ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப நல்லதுதானே?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் உனக்கு என் கடிதம் வருவதே பிடிக்கவில்லையோ என்று தோன்றுகிறது. அதனால் இதற்குப் பதில் வரும் வரை எழுதமாட்டேன். அவசரம் இல்லை.

உன்,
ஸ்பேனர்

---

ஜூலை 28

அன்புள்ள ஸ்பேனருக்கு,

அண்ணன் எழுதுவது.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம்தான். வேறு ஒன்றும் இல்லை. கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் யார் மேல் என்று தேடினால் பிடிபடவில்லை. உன் மேல் என்று நினைத்துக்கொண்டே எழுந்திருக்கிறேன், பல் துலக்குவதற்குள் அது வேறு யார் மேலோ போய்விடுகிறது. மேலாளர் மேல், எழுத்துச் சோதனை செய்தவர் மேல், ஜனவரி மாதத்தின் மேல். நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. அது இன்னும் வாயில் வரவில்லை.

டிப்போவில் அலுவலக வேலை கொடுத்திருக்கிறார்கள். பேருந்துகள் கிளம்புவதையும் திரும்புவதையும் குறித்துக்கொள்வது. என் பழைய வண்டி கிளம்பும்போது எழுந்து நின்றுவிடுகிறேன். ஏன் என்று தெரியவில்லை.

ஒரு சம்பவம் எழுத வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். போன வாரம் டிப்போவிலிருந்து வீட்டுக்கு வர என் வழித்தடத்துப் பேருந்திலேயே ஏறினேன். இப்போது அதை ஓட்டுகிற பையன், "அண்ணே, முன்னாடி உக்காருங்க" என்று கதவுக்குப் பின்னால் இருக்கும் இருக்கையைக் காட்டினான். இடது ஜன்னல். நான் ஓட்டிய காலத்தில் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை, எனக்கு எதற்கு? ஆஸ்பத்திரியில் கழுத்தைத் திருப்பிப் பார்த்துப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் இடது கோடிக்குப் பார்வையை வீச வேண்டும், அப்புறம்தான் எதையும் பார்க்க வேண்டும். அதனால் கழுத்தை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு வந்தேன்.

எவ்வளவு பேர், ஸ்பேனர். கைவண்டி தள்ளுகிறவர், சைக்கிளில் இரண்டு பேராகப் போகிறவர்கள், குடையை விரித்தபடி ஓரத்தில் இறங்கி நடக்கிற அம்மா, பேருந்தின் உடம்பை ஒரு கையால் தட்டிக்கொண்டே ஓடிவருகிற பெண். எல்லோரும் ஒரு கை தூரத்தில். வீடு வரும் வரை ஆட்கள் தீரவே இல்லை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அதே சாலையில் நான் தினமும் போனேன். அப்போது அந்தப் பக்கம் எனக்கு வெறும் சாலையாகத்தான் இருந்தது. காலியாக இருந்தது என்று கூடச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் என்று ஒன்று இருக்கும் நினைவே இல்லை. இல்லாததை ஒருவன் எப்படிக் கவனிப்பான்?

என் நிறுத்தத்தில் இறங்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றேன். பையன் வண்டியை நிறுத்தி வைத்து, "என்னண்ணே, தலை சுத்துதா?" என்றான். "இல்லப்பா, நீ பாத்துப் போ. இந்தப் பக்கம் நிறைய ஆளு" என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரிண்ணே" என்றான். வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். என் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடித்திருக்கிறாள் என்று தெரிந்தது, பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

தவளை நன்றாக இருக்கிறது. நீ அனுப்பிய நீல ஸ்பிரிங்கோடுதான் ஓடுகிறது. அது உண்மையிலேயே நல்ல ஸ்பிரிங். நான் மேடையில் ஏறுகிறேன். முதலில் இடது கோடி, அப்புறம் வண்டி, மறுபடியும் கோடி. இப்படி ஓட்டினால் வேகம் எங்கிருந்து வரும்? போன பந்தயத்தில் எல்லோருக்கும் கடைசி. பல் டாக்டர் என்னைச் சுற்றிச் சுற்றித் தாண்டிப் போனார், ஒவ்வொரு தடவையும் "சாரி சார்" என்று சொல்லிக்கொண்டே. ஆனால் குழாயைத் தொடவில்லை. முன் ஷாக் இன்னும் கொஞ்சம் இளகலாமா என்று யோசனை. மெதுவாகப் போகிற வண்டிக்கு எது சரி என்று நமக்கு இதுவரை யோசிக்க வேண்டி வந்ததில்லை.

அதை எழுதிக் கேட்டால் சரிவராது. விடுப்புப் போட்டுவிட்டு வா. முட்டியோடு மெதுவாகவே வா. பேருந்து நிலையத்தில், நேரம் குறிக்கிற கடிகாரத்துக்குக் கீழே நிற்கிறேன்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. எனக்கு வலது பக்கமாக வா. இடது பக்கமாக வந்தால் நீ வந்து நிற்பதே எனக்குத் தெரியாது.

அன்புடன்,
உன் அண்ணன்